ஒரு பெயரும் ஒரு விளையாட்டும்

உவமை, உருவகம் என்று தேடிக்கொண்டு கு. அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’ கதைக்குள் போனால் கை நிறைய எதுவும் கிடைக்காது. அலங்காரத்தை அவர் வாக்கியத்தில் வைக்கவில்லை, அமைப்பில் வைத்திருக்கிறார்.

தொடக்கத்தில் பிள்ளைகள் புத்தகத்தை வைத்துப் போட்டி போடுகிறார்கள். அப்புறம் பேச்சு சட்டைக்குத் தாவுகிறது. பணக்கார வீட்டு ராமசாமியிடம் சில்க் சட்டை. ஏழைப் பிள்ளைகளோ அதிலும் ஒரு குறை கண்டுபிடித்துவிடுகிறார்கள். வெறும் குழந்தைச் சண்டை என்று நாம் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். அந்தச் சண்டையின் கடைசிச் சுற்று கதையின் முடிவில் நடக்கப் போகிறது என்பது அப்போது தெரியாது.

நடுவே தீபாவளிக்கு முந்தைய இரவில் அந்த ஏழை வீட்டுக்கு ஓர் அநாதைச் சிறுவன் வந்து சேர்கிறான். உடம்பெல்லாம் சிரங்கு, பெயர் ராஜா. பிள்ளைகளின் அம்மா தாயம்மாள் அவனுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் இடத்தில் ஆசிரியர் குரலை உயர்த்துவதே இல்லை. கருணை, தாய்மை என்று பெயர் சூட்டாமல் வேலையை மட்டும் சொல்லிக்கொண்டு போகிறார். வேறு ஆளாக இருந்தால் இங்கே கண்ணீர் ஆறாக ஓடியிருக்கும்.

முடிவில் அந்தப் பழைய போட்டி திரும்புகிறது. ராமசாமி வீட்டுக்கு வந்திருப்பவர் ஜமீன் ராஜா. தாயம்மாளின் சிறுமகள் மங்கம்மாளோ தன் வீட்டு ராஜாவைச் சொல்லிப் பெருமையடிக்கிறாள். முரண் நமக்குத்தான். அவளுக்கு அது கிண்டலும் இல்லை, தத்துவமும் இல்லை. போட்டியில் ஒரு புள்ளி, அவ்வளவே. ‘நகைமுரண்’ என்று ஓரத்தில் எழுதி அடிக்கோடிடும் மாணவர்கள் பெரும்பாலும் இதைத் தவறவிடுகிறார்கள்.