ஆறு கப்ளிங், இரண்டு பெட்டி

எங்கள் காசிமேட்டில் டபுள்ஸ் என்றால் ஒருவர் மிதிப்பார், இன்னொருவர் கேரியரில் உட்கார்ந்து வருவார். டேண்டம் சைக்கிளில் இருவரும் மிதித்தாக வேண்டும். ஹேண்டில், பிரேக், கியர் மூன்றும் முன்சீட்டில் இருக்கின்றன. பின்சீட்டுக்குக் கால் போதும், பார்வை தேவையில்லை. சர்க்கரை நோயில் பார்வை போன என் பெரியப்பாவுக்காகவே இதைக் கட்டினேன். முப்பது வருடம் லேத் ஓட்டியவர். கோவையில் மகள் வீட்டுக்குப் போனாலும் சைக்கிள் வேண்டும் என்றார். அதனால் விமானத்தில் ஏறும்படி கட்ட வேண்டியதாயிற்று.

பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 சென்டிமீட்டருக்குள் வர வேண்டும் என்பது பல விமான நிறுவனங்களின் கணக்கு. 66, 66, 26 என்று பெட்டி எடுத்தால் காற்று இறக்கிய சக்கரம் கச்சிதமாக உட்காரும். பிரேமை மூன்று துண்டாகப் பிரிக்க வேண்டும். அதற்கு ஆறு கப்ளிங். கலிபோர்னியாவின் எஸ் அண்ட் எஸ் மெஷின் செய்யும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கப்ளிங்கில் இரண்டு முகங்களின் பற்களும் ஒன்றையொன்று கவ்வ, மேலே ஒரு நட்டு இறுக்குகிறது. அதைக் குரோமோலி குழாயில் வெள்ளிக் கம்பி வைத்து பிரேசிங் செய்தோம். பணம் போட வேண்டிய இடம் இதுதான். ஒரு கப்ளிங் மயிரிழை சாய்ந்தாலும் சக்கரங்கள் நேர்கோட்டில் நிற்காது. ஒவ்வொரு பற்று வைத்த பிறகும் பெரியப்பா விரலால் தடவிப் பார்த்தார். இரண்டாவதைக் கழற்றி மறுபடி வைக்கச் சொன்னார். அவர் சொன்னதுதான் சரி.

ஞாயிறு விடியற்காலை, கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டும் முன் எண்ணூர் விரைவுச் சாலையில் ஓட்டினோம். நேராகப் போகும்போது அபார வேகம். திருப்பத்துக்கு மட்டும் ஆட்டோ திரும்பும் இடம் போதாது. கிளம்பும்போது "ஏறு" என்று குரல் கொடுத்து இருவரும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். இரண்டு கிராங்கையும் இடப்பக்கச் செயின் ஒன்றாகப் பிணைத்திருக்கிறது. "பின்னாடி டிரெய்லர் வருது, லோடு இல்ல" என்று பெரியப்பா எனக்கு முன்பே சொல்லிவிடுகிறார்.

குறை இரண்டு. இங்கே கடற்காற்றில் உப்பு அதிகம். ஒவ்வொரு முறை பிரிக்கும்போதும் மரைக்குக் கிரீஸ், குழாய்க்குள் எண்ணெய். இன்னொன்று எடை. சைக்கிள் 19 கிலோ, பெட்டிகள் 10. உள்நாட்டு விமானத்தில் ஆளுக்கு 15 கிலோ என்றால், துணிமணியெல்லாம் கைப்பையில்தான்.

கோவை விமான நிலைய வாசலில் பூட்டி முடிக்க ஒன்றேகால் மணி நேரம் ஆனது. முடிந்ததென்று நான் ஸ்பேனரை வைத்தேன். பெரியப்பா ஒவ்வொரு நட்டாகத் தொட்டுக்கொண்டு வந்து நாலாவதில் நின்றார்.

"இது இன்னும் புடிக்கலடா. கால் சுத்து போடு."