துள்ளும் சீவுளி

பாதி உலர்ந்த தட்டு ஒன்று சக்கரத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதன்மேல் வெண்மண் குழம்பு பூசியிருக்கிறது. குயவர் ஒரு மெல்லிய எஃகுத் தகட்டை, வில்போல் வளைந்து கொடுப்பதை, லேசாகத் தொடவைக்கிறார். தகடு படிந்து நிற்பதில்லை, துள்ளுகிறது. துள்ளி விழும் இடத்தில் எல்லாம் வெள்ளை சீவப்பட்டு அடியிலுள்ள கருத்த மண் நெல்மணி அளவுக்குத் தெரிகிறது. கை மையத்திலிருந்து விளிம்புக்கு நகர்ந்து முடிவதற்குள் தட்டு முழுக்க வட்டம் வட்டமாகக் கீறல்கள் நிறைந்துவிடுகின்றன. எண்ணி முடியாது. ஜப்பானின் கியூஷூ தீவில், ஹிதா நகரத்தை ஒட்டிய மலைக்குள் இருக்கும் ஒந்தா என்ற சிற்றூரின் அடையாளம் இந்த வேலைப்பாடு. அங்கே 'தொபிகன்னா' என்கிறார்கள். நம் தச்சர் சொல்லில் துள்ளும் சீவுளி என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த மலருக்காக மண்கல மரபுகளைப் பற்றி எழுதக் கேட்டபோது என் கண்முன் வந்தது அந்தத் தட்டுதான். எந்தக் கலத்தைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: இதன் மேலிருக்கும் கோலம் எங்கே பிறந்தது? வேலைக்குள் பிறந்ததா, வேலை முடிந்த பிறகு மேலே கொண்டுவந்து ஒட்டப்பட்டதா? மற்ற அளவுகோல்கள் எல்லாம் எனக்கு இதற்கு அடுத்தபடிதான்.

இந்தக் கேள்வியை நம் காலத்தில் ஆழமாகக் கேட்டவர்கள் ஜப்பானில் 'மிங்கெய்' இயக்கத்தைச் சுற்றி இருந்தவர்கள். மக்கள் கைவினை என்று பொருள்படும் அந்தச் சொல்லை 1925-இல் யானாகி சோயெத்சு என்ற சிந்தனையாளரும் ஹமாதா ஷோஜி, கவாய் கான்ஜிரோ என்ற இரு குயவர்களும் சேர்ந்து உருவாக்கினார்கள். 1936-இல் டோக்கியோவில் அதற்கென ஓர் அருங்காட்சியகமே திறந்தார்கள். பெயர் தெரியாத கைகள் அன்றாடப் புழக்கத்துக்காக, நிறைய, மலிவாகச் செய்த பொருள்களில்தான் உயர்ந்த அழகு இருக்கிறது என்பது யானாகியின் வாதம். அதில் பெரும்பகுதியை நான் ஏற்கிறேன். ஆனால் பெயர் தெரிந்த கைக்கும் அந்த அழகு வாய்க்கும் என்பதற்கு அவரைச் சுற்றி இருந்தவர்களே சாட்சி.

அவர்களில் தொமிமோத்தோ கென்கிச்சி என்ற குயவரை நம்மவர்கள் அதிகம் பேசுவதில்லை. ஒரு கோலத்தைப் பார்த்து இன்னொரு கோலம் செய்யக் கூடாது என்பது அவர் தனக்கே விதித்துக்கொண்ட விதி. பழைய கிண்ணத்தில் இருக்கும் பூவை நகலெடுக்காதே, வேலியில் இருக்கும் பூவைப் போய்ப் பார் என்பது அதன் பொருள். அப்படி அவர் பார்த்த பூ, மல்லிகை போல வெள்ளையாகப் பூத்து வேலியில் படரும் ஒரு கொடியினுடையது. அதற்கு ஐந்து இதழ். வரைந்து வரைந்து பார்த்து அதை நான்கு இதழாக்கினார். நான்கு இதழ் என்றால் மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டே போகலாம். ஒரு ஜாடியின் உடல் முழுக்க இடைவெளி விடாமல் அந்தப் பூ ஓடும். பார்ப்பது பாதி, பார்த்ததைக் கலத்தின் வளைவுக்கு ஏற்ப விட்டுக்கொடுத்து மாற்றுவது மீதி.

ஹமாதாவின் வழி வேறு. ஓகினாவா தீவில் அவர் கண்ட கரும்பு, நட்ட தண்டும் இருபுறம் சரியும் தோகையுமாக மூன்று நான்கு இழுப்புக் கோலமாகச் சுருங்கியது. பிறகு வாழ்நாள் முழுவதும் அதையே போட்டார். டோக்கியோவுக்கு வடக்கே மஷிகோ என்ற குயவர் ஊரில் குடியேறி, அந்த ஊர் மண்ணில் வனைந்து, அந்த ஊர்க் கிளேஸை (பளபளப்புப் பூச்சு) இட்டு, நாய்முடியில் கட்டிய தூரிகையால் அதே கரும்பை ஆயிரக்கணக்கான கலங்களில் இழுத்தார். சலிக்கவில்லையா என்று தோன்றும். இரண்டு கரும்புகளை அருகருகே வைத்துப் பார்த்தால் கேள்வி அடங்கிவிடும். ஒன்றில் தோகை காற்றில் சாய்ந்திருக்கும், மற்றதில் வெயிலில் தொங்கும். பெரிய தட்டுகளில் அவர் அகப்பையால் கிளேஸை ஒரே வீச்சில் ஊற்றுவார். அந்தப் பதினைந்து விநாடி வேலையைப் பற்றி ஒருவர் கேட்டபோது, அதோடு அறுபது ஆண்டுகளையும் கூட்டிக்கொள்ளச் சொன்னார் என்பார்கள். சூளை கட்டப் போயிருந்த இங்கிலாந்திலிருந்து திரும்பிய பின் தன் கலங்களில் அவர் கையெழுத்துப் போடுவதையும் விட்டுவிட்டார். 1955-இல் ஜப்பான் அரசு முதன்முதலாக 'வாழும் தேசியச் செல்வம்' என்று கலைஞர்களைக் கௌரவித்தபோது அந்தப் பட்டியலில் ஹமாதாவும் இருந்தார், தொமிமோத்தோவும் இருந்தார்.

அதே மஷிகோவில் மினாகவா மாசு என்ற ஒரு மூதாட்டி இருந்தார். தேநீர்க் கெண்டிகளில் மலையும் நீரும் மரமுமாக ஒரு சிறு காட்சி தீட்டுவது அவர் வேலை. சிறுவயதில் தொடங்கியது, நாளுக்கு நூற்றுக்கணக்கில். எழுதப் படிக்கத் தெரியாது. அந்தக் கை எந்த ஓவியப் பள்ளிக்கும் போனதில்லை. கோடு எங்கே தடிக்க வேண்டும், எங்கே மெலிய வேண்டும் என்பது தோளுக்கும் மணிக்கட்டுக்குமே தெரிந்திருந்தது. விடியலில் வாசல் தெளித்துக் கோலம் போடும் பெண்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புரியாத விஷயமில்லை. புள்ளியை எண்ணிக்கொண்டு போடுகிறவர்கள் உண்டு. எண்ணாமலேயே விரல் சரியாகப் போய் நிற்பவர்களும் உண்டு.

இனி ஒந்தா. இதை நிதானமாகச் சொல்ல வேண்டும். 1705-இல் தொடங்கிய அந்தக் குயவர் குடியிருப்பில் இன்றும் சுமார் பத்துக் குடும்பங்கள்தான். மலைச்சரிவில் மண் வெட்டுவது எல்லோரும் சேர்ந்து. மண்ணை இடிப்பது ஓடை. பெரிய மரத்துண்டின் ஒரு முனையைக் குடைந்து தொட்டியாக்கி, மறுமுனையில் உலக்கை மாட்டியிருக்கிறார்கள். ஓடை நீர் தொட்டியில் நிறைந்ததும் அந்தப் பக்கம் தாழ்கிறது, நீர் கொட்டுகிறது, உலக்கை முனை விழுந்து மண்ணை இடிக்கிறது. இரவும் பகலும் ஊர் முழுக்க இந்தச் சத்தம்தான். மண் மாவாக வாரக்கணக்கில் ஆகும். ஓடை எவ்வளவு இடிக்கிறதோ அவ்வளவுதான் மண், மண் எவ்வளவோ அவ்வளவுதான் கலம். அதைத் தாண்டிச் செய்ய யாராலும் முடியாது. கலங்களில் தனிப்பெயர் போடுவதில்லை, ஊர்ப்பெயர்தான். 1931-இல் யானாகி அங்கே போனார், 1954-இல் ஆங்கிலேயக் குயவர் பெர்னார்ட் லீச் போய்த் தங்கினார். பிறகு உலகமே வந்தது. ஆர்டர்கள் குவிந்தபோதும் ஓடையின் வேகத்தை ஊர் விட்டுக்கொடுக்கவில்லை. நான் அறிந்த தரக்கட்டுப்பாடுகளில் இதைவிடக் கறாரானது இல்லை.

துள்ளும் சீவுளியை என் பட்டறையில் நானும் பழகியிருக்கிறேன். மண் கொஞ்சம் ஈரமாக இருந்தால் தகடு துள்ளாது, உழுதுகொண்டு போகும். கொஞ்சம் அதிகம் காய்ந்தால் வெண்மண் செதில் செதிலாகப் பெயர்ந்து விழும். இரண்டுக்கும் நடுவே ஒரு பதம் இருக்கிறது. ஐப்பசியில் அது மறுநாள் வரும், சித்திரையில் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் தாண்டிப்போய்விடும். கண்ணால் பார்த்து அந்தப் பதத்தைப் பிடிக்க எனக்கு வரவில்லை. காதுதான் கற்றுக்கொடுத்தது. சரியான பதத்தில் தகடு சில்வண்டு போல ஒரே சுருதியில் இரைகிறது. அந்த இரைச்சல் வந்துவிட்டால் கோலமும் வந்துவிட்டது என்று அர்த்தம். அதனால்தான், தொபிகன்னா போலத் தெரிய வேண்டும் என்று ஊசியால் ஒவ்வொரு கீறலாகப் போட்ட தட்டுகளை ஒரு கண்காட்சியில் பார்த்தபோது எனக்கு மனம் வலித்தது. செய்தவருடைய பொறுமை பெரியது. அந்தப் பொறுமையைத் தன் சக்கரத்துக்கே கொடுத்திருந்தால் அவருக்கென்று ஒன்று கிடைத்திருக்கும்.

லீச் வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1920-இல் ஹமாதாவோடு சேர்ந்து இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸில் சூளை கட்டினார். அங்கே பயில வந்தவர்கள் ஒரே குவளையை, ஒரே கிண்ணத்தைத் திரும்பத் திரும்பச் செய்து கைபழகினார்கள். வீட்டுப் புழக்கத்துக்கான பாத்திர வரிசைதான் பட்டறையின் சோறும் பாடமும். நம் நாட்டிலிருந்து குர்சரண் சிங் 1919-இல் ஜப்பானுக்குப் பீங்கான் தொழில் படிக்கப் போய் இவர்கள் எல்லோரோடும் பழகித் திரும்பினார், பின்னாளில் டெல்லியில் பட்டறை வைத்தார்.

தெற்கே அந்த இழை புதுச்சேரியில் வந்து சேர்ந்தது. ரே மீக்கரும் ஜப்பானில் பயின்ற டெப்ரா ஸ்மித்தும் 1971-இல் அங்கே 'கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி'யைத் தொடங்கினார்கள். சூளைக்குச் சவுக்கு விறகு. அன்றாடத் தட்டும் கோப்பையும் கெண்டியும்தான் முதல் வேலை. தூரிகை வேலைப்பாடு டெப்ராவின் பொறுப்பில் இருந்தது. சுற்று வட்டாரத்து ஆட்கள் அங்கே வேலை கற்றார்கள். மீக்கரிடம் பயின்றவர்கள் இன்று நாடெங்கும் பட்டறை வைத்திருக்கிறார்கள். இன்று புதுச்சேரிப் பக்கம் ஒரு கோப்பையை எடுத்து அடியைத் திருப்பிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள் என்றால் அந்தப் பழக்கம் அங்கிருந்து வந்தது.

ஆனால் அடியைத் திருப்பிப் பார்க்க வேண்டிய கலம் நம் ஊர்ப் பானையும்தான். சக்கரத்தில் எடுக்கும்போது அதற்கு அடியே இருக்காது, திறந்துதான் இருக்கும். உள்ளே ஒரு கல்லை அணைகொடுத்து, வெளியே மரத்தட்டால் தட்டித் தட்டி, குயவர் அந்த வாயை மூடி உருட்டிக் கொண்டுவருகிறார். வெயிலில் சாய்த்துப் பிடித்தால் தட்டு விழுந்த இடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, மீன் செதில்போலத் தெரியும். அதை யாரும் அலங்காரம் என்று நினைத்துச் செய்யவில்லை. அய்யனார் கோயில் புரவியின் கழுத்து மாலையும் அப்படித்தான்: மண்பட்டையை ஒட்டி, பெருவிரலால் வரிசையாக அழுத்திக்கொண்டே போனால் அது மாலை.

புதுச்சேரிக்குத் தெற்கே, நகரத்திலிருந்து சற்றுத் தொலைவில், பழைய துறைமுக ஊரான அரிக்கமேடு. 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது, உட்புறம் வட்ட வட்டமாகச் சிறு கீறல்கள் ஓடும் சாம்பல்நிறத் தட்டுகளின் ஓடுகள் கிடைத்தன. மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து வந்தவை என்று அவர் எண்ணினார். மண்ணைச் சோதித்த பின்னர் அவை இந்திய மண்ணில் செய்தவை என்று தெளிவாயிற்று. அழகன்குளத்தில், அனுராதபுரத்தில், கடல் தாண்டிப் பாலித் தீவில்கூட அதே தட்டுகள் கிடைத்திருக்கின்றன. பல்லுள்ள சிறு உருளையை உருட்டிப் போட்ட கோலம் என்பது ஒரு கருத்து. சுற்றும் தட்டின்மேல் வளையும் தகடு ஒன்றைத் துள்ளவிட்டுப் போட்டது என்கிறது இன்னொரு கருத்து. அப்படி ஓர் ஓட்டை முதன்முதல் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று பார்த்தபோது, ஓரிடத்தில் கீறல்கள் நெருங்கி, கொஞ்சம் தள்ளி அகன்று, மறுபடி நெருங்கியிருப்பதைக் கவனித்தேன். உருளையின் பற்கள் அப்படி இடம் மாறாது. சக்கரம் வேகம் தளர்ந்து, மறுபடி ஓர் உந்தல் வாங்கிய இடம் அது என்று என் கை சொல்லிற்று. சில்வண்டு இரைச்சல் காதில் கேட்டது.