பனையேறியின் இடுப்பைப் பாருங்கள்

சுந்தரபாண்டியபுரத்துக்குக் கூட்டம் வருவது சூரியகாந்தி பூக்கிற ஆடி மாதத்தில். குற்றாலத்தில் குளித்துவிட்டு வந்து, வயலோரம் நின்று படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அந்தப் படங்களின் ஓரத்தில் எப்படியும் ஒரு பனை நிற்கும். அந்தப் பனையில் ஏறுகிறவரை ரசிக்க வேண்டுமென்றால் பங்குனி, சித்திரையில் வாருங்கள், அதுவும் விடியற்காலையில். சாரல் தொடங்கிவிட்டால் மரம் வழுக்கும், பதநீர்ப் பருவமும் முடிந்துவிடும். தென்காசி வட்டாரத்தில் பனையேறுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். ஊருக்குள் விசாரித்துத்தான் போக வேண்டும்.

முதன்முதலாகப் பார்க்கிறவர்களின் கண் உயரத்துக்குத்தான் போகும். உயரம் எங்கேயும் ஓடிவிடாது. பனையேறி தரையில் நிற்கும்போதே இடுப்பையும் காலையும் பாருங்கள். பாளை அரிவாளை எங்கே வைத்திருக்கிறார்? கையில் இருக்காது. இடுப்பில் கட்டிய கயிற்றில், பின்பக்கம் சற்று ஒதுங்கினாற்போல அரிவாள் பெட்டி தொங்கும். அதற்குள்தான் அரிவாள், பாளையை நசுக்கும் கடிப்பு எல்லாம் இருக்கும். பதநீர் எடுக்கும் குடுவையும் இடுப்போடுதான். இரண்டு கையும் மரத்துக்கு மட்டுமே.

இந்த ஏற்பாட்டின் அருமை, உறைந்த அருவிகளில் ஏறுகிறவர்களோடு ஒப்பிட்டால் நன்றாக விளங்கும். லடாக்கிலும் ஸ்பிதியிலும் குளிர்காலத்தில் இப்படி ஏறுகிறார்கள். கைக்கொன்றாக ஐஸ் கோடரி. ஒன்று நழுவினாலும் பாதி வழியில் நிற்க வேண்டியதுதான். அதனால் கோடரியை வார் போட்டுக் கட்டிக்கொள்வார்கள். முன்பெல்லாம் மணிக்கட்டில் கட்டினார்கள். அதில் ஒரு தொல்லை: பனிக்கட்டியில் திருகாணி பதிக்கவோ, மரத்துப்போன கையை உதறவோ ஒவ்வொரு முறையும் வாரைக் கழற்றி மாட்ட வேண்டும். 2000-க்குப் பிறகு மணிக்கட்டு வார் மெல்ல வழக்கொழிந்து, இடுப்புப் பட்டையிலிருந்து கோடரிக்குப் போகிற எலாஸ்டிக் வார் பரவியது. கருவி இடுப்பைச் சார்ந்திருக்கட்டும், கை விடுதலையாக இருக்கட்டும் என்கிற முடிவுக்கு அவர்கள் நெடுநாள் கழித்து வந்தார்கள். பனையேறிகள் தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் ஏறிக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்து கால். இரண்டு பாதங்களையும் இணைக்கிற வளையம்தான் தளைநார், திளாப்பு என்றும் சொல்வார்கள். பனை மட்டையில் உரித்த நாரிலேயே செய்துகொள்ளலாம். ஏறுகிற மரமே கருவியையும் தந்துவிடுவதால் காசுச் செலவு கிடையாது. பாதங்கள் மரத்தின் இருபுறமும் அழுந்தும்போது வளையம் அவற்றை விலகவிடாமல் பிடிக்கிறது. வளையம் தளர்ந்தால் பிடி போய்விடும், இறுகினால் பாதம் மரத்தைச் சுற்றி அணையாது. அடிமரத்தின் பருமனையும், மேலே போகப் போகச் சிறுக்கிற தண்டையும் ஒரே வளையம் சமாளித்தாக வேண்டும். அளவு அவரவர் காலுக்கு ஏற்றது, இரவல் வாங்கினால் சரிப்படாது. அவர் மரத்தடியில் காலை உள்ளே விட்டு, ஒருமுறை அழுத்திப் பார்த்துச் சரிசெய்கிற அந்த ஒரு நொடியைத் தவறவிடாதீர்கள். எனக்கு இந்தத் தொழிலிலேயே மிகப் பிடித்த காட்சி அதுதான்.

பிறகு ஏற்றம். கை மேலே போகும், உடல் மரத்தோடு ஒட்டும், இரண்டு காலும் சேர்ந்து ஒரே உந்தில் மேலே வரும். கண்ணை மூடிக்கொண்டு காதால் கேட்டுப் பாருங்கள். தேர்ந்தவரின் தாளம் அடியிலிருந்து உச்சிவரை மாறாது. உச்சியில் மட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து பாளையின் நுனியை மெல்லிசாகச் சீவுவார். கனமாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துவிடும். காலையும் மாலையும் இதே வேலை, மரத்துக்கு மரம். பாளையில் கட்டிய கலயத்தின் உட்புறம் பூசிய சுண்ணாம்பு, சாறு புளித்துக் கள்ளாகாமல் காக்கிறது.

ரசிக்கிறவர் மறக்கக் கூடாத ஒன்று உண்டு. ஐஸ் கோடரியின் வார் கோடரியை மட்டுமே காக்கும், விழுகிற ஆளைத் தாங்க அது செய்யப்படவில்லை. அரிவாள் பெட்டியின் கயிறும், தளைநாரும் அப்படியே. ஐஸ் ஏறுகிறவருக்குத் தனியாகப் பாதுகாப்புக் கயிறு இருக்கிறது. தென் மாவட்டப் பனையேறிகள் பலர் இடைக்கயிறுகூட இல்லாமல் ஏறுகிறார்கள். அதை வீரம் என்று புகழ்வதில் எனக்குச் சம்மதமில்லை. எலும்பு முறிந்து படுத்தவர்களின் வீடுகள் பனங்காட்டு ஊர்களில் உண்டு. புதிதாகப் பழக வருகிற இளைஞர்கள் இடுப்புப் பட்டையும் கயிறும் இல்லாமல் மரத்தில் கை வைக்கக் கூடாது. தென்னைக்குக் கேரளத்திலிருந்து வந்த ஏறுகருவி இங்கும் புழக்கத்துக்கு வந்துவிட்டது. அடி பருத்துச் சொரசொரத்த பனைக்கும் பாங்கான, கைக்கு எட்டும் விலையில் ஒரு கருவி ஊர்தோறும் கிடைக்க வேண்டும்.

மேலும் படிக்க விரும்புகிறவர்கள் ஆ. சிவசுப்பிரமணியனின் ‘பனை மரமே! பனை மரமே!’ நூலைத் தேடிப் படிக்கலாம்.

போகும்போது சிலவற்றை மனதில் வையுங்கள். அவர் மரத்தில் இருக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள், படத்துக்காகத் திரும்பிப் பார்க்கச் சொல்லாதீர்கள். இறங்கி வந்ததும், “அண்ணாச்சி, ஒரு பட்டை ஊத்துங்க” என்று கேட்டு அங்கேயே ஓலைப் பட்டையில் பதநீர் வாங்கிக் குடியுங்கள். அவர் சொல்கிற விலையைக் கொடுங்கள், பேரம் பேசாதீர்கள்.