நெக்குருகுதல்: சொல்லும் பொருளும்

பக்தி இலக்கியத்திலும் நம் மன்றாட்டுகளிலும் 'நெக்குருகி' என்னும் தொடர் வழங்கி வருகின்றது. இதன்கண் உள்ள 'நெக்கு' என்பதை, உருகுதலை மிகுத்துக் காட்டும் வெற்று அடைமொழியாகவே பலரும் கொள்கின்றனர். இக்கருத்து ஏற்புடையதன்று என்பதே நம் துணிபு.

'நெக்கு' என்பது 'நெகு' என்னும் வினையின் இறந்தகால எச்சம். புகு 'புக்கு' எனவும், மிகு 'மிக்கு' எனவும் ஆவதுபோல, இதுவும் ஒற்று இரட்டித்துக் காலங் காட்டிற்று. 'நெகிழ்' என்பது இதனோடு உறவுடைய சொல். சங்கப் பாடல்களில், பிரிவால் மெலிந்த தலைவியின் வளை நெகிழ்ந்து கழலுகின்றது. அங்கே எதுவும் உருகவில்லை. இறுகப் பற்றியிருந்தது பிடி தளர்கின்றது. பிளவுறுதலை 'நெக்குவிடுதல்' என்னும் வழக்கும் இதற்குச் சான்று. ஆகவே கட்டுத் தளர்தலே இச்சொல்லின் முதற்பொருள். மனம் இளகுதல் அதனின்று விரிந்த பொருள். உருகுதலோ, வெப்பத்தால் திண்பொருள் நீர்மையாதல். மாணிக்கவாசகர் திருவாசகத்தில் 'நெக்கு' என்பதை முன்னர் அடுக்கி, 'உருகி' என்பதைப் பின்னர் அடுக்குகின்றார். இது கூறியது கூறலன்று. முதலில் தளர்தல், அடுத்து உருகுதல் என்னும் முறைவைப்பாகும்.

திருமறையைத் தமிழில் விளக்குவோர்க்கு இவ்வேறுபாடு இன்றியமையாதது. 22ஆம் சங்கீதம் 14ஆம் வசனத்தில் எலும்புகள் பூட்டுவிட்டுப் பிரிகின்றன. அடுத்து இருதயம் மெழுகென உருகுகின்றது. தளர்தலும் உருகுதலும் அங்கே தனித்தனி வினைகளாகவே நிற்கின்றன. உருகுதலைச் சுட்டும் 'மாசஸ்' என்னும் அதே எபிரெய வினை யோசுவா 2:11இலும் வருகின்றது. ஆனால் அங்கே ராகாப் கூறுவது எரிகோ மக்களின் அச்சத்தை. எபிரெய வழக்கில் இருதயம் உருகுதல் பெரும்பாலும் துணிவு இழத்தலையே குறிக்கும். தமிழில் உள்ளம் உருகுதலோ அன்பினாலும் இரக்கத்தினாலும் நிகழ்வது. ராகாபின் கூற்றை 'நெக்குருகினோம்' என்று பெயர்ப்பின், அச்சம் அன்பாகத் திரிந்துவிடும்.

அருளுரைகளில் கண்ணீரை மட்டும் குறிக்க இத்தொடரை எடுத்தாள்வோர் அதன் பாதிப் பொருளையே கொள்கின்றனர். பற்றியதை விடாது இறுகிய உள்ளமும் கண்ணீர் சிந்தும். அப்பிடி தளராதவரை, அக்கண்ணீரை நெக்குருகுதல் என்பது சொல்லுக்கும் பொருந்தாது, மனந்திரும்புதலுக்கும் பொருந்தாது.