பிறர் கணினியில் நம் ஸ்லைடுகள்

பவர்பாயின்ட் கோப்பு பார்வைக்கு ஒன்றுதான். ஆனால் அது தனித்து நிற்பதில்லை. எழுத்துரு விண்டோஸுக்குள் இருக்கும், காணொளி வேறொரு ஃபோல்டரில் இருக்கும், வரைபடத்தின் எண்கள் எக்செல் கோப்பில் இருக்கும். தயாரித்த கணினியில் எல்லாம் ஒருங்கே இருப்பதால் இந்தச் சார்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. கோப்பை மட்டும் எடுத்துக்கொண்டு கருத்தரங்க மேடைக்குப் போகும்போதுதான் தெரியவருகிறது. இதற்குத் தீர்வாக மைக்ரோசாஃப்ட், பவர்பாயின்ட் 2003-இல் ‘பேக்கேஜ் ஃபார் சிடி’ என்ற வசதியைத் தந்தது. சிடியின் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டாலும், அந்த வசதியின் நிறைகுறைகளை எடைபோடுவது இன்றைக்கும் பயன் தரும்.

நிறைகளை முதலில் பார்ப்போம். பவர்பாயின்ட் 2007 வரை ஸ்லைடில் சேர்த்த காணொளி கோப்புக்குள் பதியாது. அது இருக்கும் இடத்தின் முகவரி மட்டுமே பதியும். வீட்டுக் கணினியில் ஓடிய படம் கல்லூரிக் கணினியில் ஓடாமல் போனதற்கு அதுவே காரணம். பேக்கேஜ் வசதி, இணைப்புக் கோப்புகளை ஒரே இடத்தில் திரட்டி, அவற்றின் முகவரிகளையும் அதற்கேற்பத் திருத்தியது. கூடவே, பவர்பாயின்ட் வியூவர் என்ற இலவச மென்பொருளையும் வட்டிலேயே ஏற்றியது. இதனால் ஆஃபீஸ் இல்லாத கணினியிலும் ஸ்லைடுகள் ஓடின. விலை கொடுத்து ஆஃபீஸ் வாங்க இயலாத பள்ளிகளுக்கும் சிறு அமைப்புகளுக்கும் இது பெரிய உதவி. இன்னொரு நன்மை வட்டின் இயல்பிலேயே இருந்தது. ஒருமுறை மட்டுமே எழுதக்கூடிய சிடியில், பொதுக் கணினியில் இருக்கும் வைரஸ் ஏற முடியாது. பென் டிரைவுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

குறைகளும் சிறியவை அல்ல. காணொளி வட்டில் ஏறும். அதை இயக்கத் தேவையான கோடெக் ஏறாது. அந்தக் கோடெக் மேடைக் கணினியில் இல்லையென்றால் படம் ஓடாது. மேக்ரோ எழுதப்பட்ட ஸ்லைடுகளை வியூவர் காட்டும், மேக்ரோவை இயக்காது. கடைசி நேரத்தில் ஒரு பிழை கண்ணில் பட்டால் சிடியில் திருத்த வழியில்லை. புதிய வட்டுதான் எழுத வேண்டும்.

தமிழில் ஸ்லைடு தயாரித்தவர்களுக்குச் சிக்கல் இன்னும் கூடுதல். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த உரை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகச் சிதறும். எழுத்துருவை உட்பொதிக்கும் தேர்வு பேக்கேஜில் உண்டு. ஆனால் எழுத்துருவை உருவாக்கியவர் அதற்கு அனுமதி அளித்திருந்தால்தான் அது உள்ளே போகும். யூனிகோடுக்கு மாறியவர்களும் முழுமையாகத் தப்பவில்லை. விண்டோஸ் எக்ஸ்பியில் இந்திய மொழிகளுக்கான வசதியைத் தனியே இயக்கியிருக்க வேண்டும். இல்லையேல் எழுத்துரு இருந்தும் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். எழுத்துருவைக் கொண்டுபோகலாம்; எழுத்துகளைக் கோத்துக் காட்டும் இயங்குதளத்தை எந்த வட்டிலும் கட்டிக்கொண்டுபோக முடியாது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய குறை பின்னால் வந்தது. பவர்பாயின்ட் 2010-இல் வியூவர் வட்டுக்குள் ஏறுவது நின்றது. அதைத் தரவிறக்கும் இணைப்பு மட்டுமே இடம்பெற்றது. இணையம் இல்லாத இடத்திலும் ஓட வேண்டும் என்பதற்காக எழுதும் வட்டு, இணையத்தையே நம்பி நின்றது. 2018 ஏப்ரலில் வியூவரையே மைக்ரோசாஃப்ட் விலக்கிக்கொண்டது. யாரையும் சாராமல் இயங்குவதுதான் இந்த வசதியின் உயிர். அதை உருவாக்கிய நிறுவனமே அந்த உயிரை எடுத்துவிட்டது.

ஆகவே என் தீர்ப்பு இது: சிடியைக் கைவிடலாம், அது கற்றுத்தந்த ஒழுங்கைக் கைவிடக் கூடாது. பவர்பாயின்டின் விண்டோஸ் பதிப்பில் ‘எக்ஸ்போர்ட்’ பகுதியில் இந்த வசதி இன்றும் இருக்கிறது. அதில் சிடிக்குப் பதிலாக ‘காப்பி டு ஃபோல்டர்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, வரும் ஃபோல்டரை முழுமையாகப் பென் டிரைவில் ஏற்றலாம். தமிழ் உரையை யூனிகோடில் மட்டுமே எழுத வேண்டும். எழுத்துருவை உட்பொதிப்பதோடு, ஒரு பிடிஎஃப் பிரதியும் கையில் இருக்க வேண்டும். பிடிஎஃபில் அசைவும் காணொளியும் போய்விடும் என்பது உண்மை. எழுத்து சிதையாது என்பதும் உண்மை. அசைவும் வேண்டுமென்றால் ஸ்லைடுகளைக் காணொளியாகவே மாற்றிக்கொள்ளலாம்; பவர்பாயின்ட் 2010 முதல் அந்த வழி இருக்கிறது.

எந்தத் தொகுப்பும் சோதனைக்கு ஈடாகாது. மேடையேறுவதற்கு முன், பேசப்போகும் அதே கணினியில், முதல் ஸ்லைடு தொடங்கிக் கடைசி ஸ்லைடு வரை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். கேட்க வந்தவர்களின் நேரத்துக்கு நாம் தர வேண்டிய குறைந்தபட்ச மரியாதை அது.