யாருடைய வெட்கம்?

எங்கள் வாசகர் வட்டத்தின் புலனக் குழுவில் சில மாதங்களுக்கு முன் ஒரு விவாதம். மாதச் சந்திப்புக்கு வருகிறவர்கள் ஏழு பேரிலேயே நின்றுவிட்டார்கள். அந்த ஏழில் இரண்டு பேர் அறையைப் பதிவு செய்கிறவர்கள், அவர்கள் வந்தே ஆக வேண்டும். "மீம் போடுவோம்டா. போஸ்டர் பாத்துட்டு இலக்கியம் பேச எவன் வர்றான்?" என்றான் நண்பன். குழுவில் பொறியாளன் நான் ஒருவன்தான். கம்ப்யூட்டர் தெரிந்தவனுக்கு எல்லாம் தெரியும் என்ற கணக்கில் வேலை என் தலையில் விழுந்தது.

அன்றிரவே ஒன்று செய்தேன். புத்தகக் கண்காட்சியில் பை நிறைய வாங்கி, பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் அலமாரியில் அடுக்கி, படம் எடுத்துப் போடுகிறவரைக் கிண்டல் செய்யும் மீம். நன்றாகவே ஓடியது. எனக்குத் தெரியாதவர்கள்கூடப் பகிர்ந்தார்கள். அடுத்த சந்திப்புக்கு வந்தது அதே ஏழு பேர்.

ஓடுவது வேறு, ஆள் வருவது வேறு என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் ஏன் வேறு? ஒரு சிறுகதையைப் படிப்பதுபோல ஒரு மீமை உட்கார்ந்து படித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. நான் எடுத்துக்கொண்ட பிரதி இந்த நாட்டில் எல்லாருக்கும் தெரிந்தது. மூன்றே சொல். 'மாலு அபா பொஸ்கு'. என்ன வெட்கம், பாஸ்?

முதலில் அந்தக் கடைசிச் சொல். மாமாக் கடையில் தே தாரேக் கொண்டு வந்து வைப்பவரை 'பாஸ்' என்கிறோம். ரொட்டி சானாய் போடுகிறவரும் பாஸ், கல்லாவில் இருப்பவரும் பாஸ். மிச்சக் காசைக் கொடுக்கும்போது அவர் நம்மையும் 'பாஸ்' என்பார். அந்தக் கடையில் உண்மையில் யாரும் யாருக்கும் முதலாளி இல்லை என்பதால்தான் அந்தச் சொல் அத்தனை சுகமாக இருக்கிறது. பெயர் தெரியாத மனிதரிடம் ஒரு மரியாதை, கொஞ்சம் நெருக்கம். தமிழரும் மலாய்க்காரரும் சீனரும் சேர்ந்து புழங்கும் சில பொதுச் சொற்களில் அது ஒன்று.

2019 ஜனவரியில் அந்தச் சொல்லை ஒரு முன்னாள் பிரதமர் எடுத்துக்கொண்டார். நஜிப் ரசாக் 2018 மே 9 பொதுத்தேர்தலில் தோற்று, நீதிமன்றத்தில் குற்றச்சாட்டுகளை எதிர்கொண்டிருந்த நேரம். இளைஞர்கள் போடும் ஜாக்கெட்டில், ஒரு யமஹா ஒய்15 மோட்டார் சைக்கிளில் அவர் உட்கார்ந்திருக்கும் படம் வந்தது. நம்பர் பிளேட்டில் 8055, பக்கத்தில் கே, யூ. எட்டு பி மாதிரி, சைபர் ஓ மாதிரி, இரண்டு ஐந்தும் எஸ் மாதிரி. படித்தால் 'பொஸ்கு'. அதே மாதம், பழைய ஆங்கிலக் காதல் பாட்டு ஒன்றின் மெட்டில் மலாய் வரிகளைப் போட்டு, இளைஞர்கள் சூழ அவர் பாடிய காணொளியும் வந்தது. நாங்கள் சிரித்தோம். சிரித்துக்கொண்டே பகிர்ந்தோம். பகிர்ந்தவர்களில் நானும் உண்டு.

அப்போது கேமரன் மலையில் இடைத்தேர்தல். அது ஏன் வந்தது என்பது முக்கியம். 2018-இல் அங்கே கிடைத்த தேசிய முன்னணி வெற்றியை, வாக்குக்குப் பணம் கொடுக்கப்பட்டது என்ற காரணத்தால் தேர்தல் நீதிமன்றம் செல்லாததாக்கியிருந்தது. பணம் கொடுத்ததற்காக ரத்தான தொகுதியில், 'என்ன வெட்கம்' என்று ஒரு முழக்கம் சுற்றுகிறது. ஜனவரி 26 அன்று அதே தேசிய முன்னணி அந்தத் தொகுதியைத் திரும்பப் பிடித்தது. பிறகு செமினி, ரந்தாவ் என்று அடுத்தடுத்த இடைத்தேர்தல்களிலும் வென்றது. எல்லாம் மீமால்தான் என்று நான் சொல்லமாட்டேன். விலைவாசி இருந்தது, புதிய அரசு மேல் கோபம் இருந்தது. ஆனால் அந்தக் கோபத்துக்கு வாயில் வைத்துக்கொள்ள ஒரு சொல் கிடைத்தது.

இதே மனிதரின் இன்னொரு முழக்கத்தோடு ஒப்பிட்டால் நுட்பம் புரியும். 2009-இல் அவர் பிரதமரானபோது வந்தது '1மலேசியா'. கடைக்கு அந்தப் பெயர், கிளினிக்குக்கு அந்தப் பெயர். எங்களுக்குக் கொடுத்த புத்தகப் பற்றுச்சீட்டிலும் அந்தப் பெயர். என் இடைநிலைப்பள்ளி வருடங்கள் முழுக்க அந்தச் சின்னத்தின் அடியில்தான் கழிந்தன. இருந்தும் எந்த மாமாக் கடையிலும் ஒருவர் இன்னொருவரைப் பார்த்து அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. அது மேலேயிருந்து ஒட்டப்பட்ட சொல். 'பொஸ்கு' ஏற்கெனவே வாயில் இருந்த சொல். முதலாவதைப் பரப்ப ஒரு அரசாங்கமே வேண்டியிருந்தது. இரண்டாவதைக் கிண்டல் செய்கிறவர்களே பரப்பினார்கள்.

ஆனால் என்னை உறுத்துவது இந்தச் சாமர்த்தியம் இல்லை. முதல் சொல்தான். மாலு.

தமிழில் அதற்கு ஒரே சொல் கிடையாது. கூச்சமும் மாலுதான், வெட்கமும் மாலுதான், அவமானமும் மாலுதான். விருந்தில் இன்னொரு தடவை சோறு கேட்கத் தயங்கினாலும் மாலு, திருடி மாட்டிக்கொண்டாலும் மாலு. திருக்குறளில் 'நாணுடைமை' என்று ஒரு அதிகாரம் உண்டு. அதன் முதல் குறளிலேயே வள்ளுவர் இந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிட்டுத்தான் மேலே போகிறார். செய்த செயலுக்காக நாணுவது ஒன்று, இயல்பான கூச்சம் வேறொன்று. பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தபோது இந்தப் பிரிவினை எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. நம்பர் பிளேட்டைப் பார்த்த பிறகு விளங்கியது.

ஒய்15 ஓட்டும் பையனுக்கு ஒரு வெட்கம் பழக்கப்பட்டது. போலீஸ்காரர் அவனைத்தான் நிறுத்துவார். செய்தித்தாளில் 'ரெம்பிட்' என்று எழுதுவார்கள். சம்பளம் பத்தாது, வீட்டில் திட்டு. அவன் எந்தத் தப்பும் செய்யாமலே சுமக்கிற கூச்சம் அது. அவனைப் பார்த்து 'என்ன வெட்கம், பாஸ்?' என்று யாராவது சொன்னால் அது நல்ல வார்த்தை, சொல்லப்பட வேண்டிய வார்த்தை. முழக்கம் செய்தது என்னவென்றால், அந்தப் பையனுக்குச் சேர வேண்டிய ஆறுதலை வாங்கி, எஸ்ஆர்சி நிறுவனத்தின் 4 கோடியே 20 லட்சம் ரிங்கிட் பற்றிப் பதில் சொல்ல வேண்டியவருக்குப் போர்த்தியது. பணம் எப்படி வந்தது என்று நீதிமன்றம் கேட்டது. முழக்கம் அந்தக் கேள்விக்குப் பதிலே சொல்லவில்லை. வேறொரு கேள்வியைக் கேட்டுவிட்டு மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு போய்விட்டது.

2020 ஜூலையில் உயர்நீதிமன்றம் ஏழு குற்றங்களிலும் அவரைக் குற்றவாளி என்றது. 12 ஆண்டு சிறை, 21 கோடி ரிங்கிட் அபராதம். 2022 ஆகஸ்ட்டில் கூட்டரசு நீதிமன்றம் அதை உறுதிசெய்ய, அவர் காஜாங் சிறைக்குப் போனார். 2024-இல் மன்னிப்பு வாரியம் தண்டனையைப் பாதியாகவும் அபராதத்தை 5 கோடியாகவும் குறைத்தது. தீர்ப்பின் பக்கங்களை எத்தனை பேர் படித்திருப்போம்? மூன்று சொல் எல்லாருக்கும் மனப்பாடம்.

இந்த வித்தை புதியதும் இல்லை. 1929 ஈஸ்டர் ஞாயிறன்று நியூயார்க்கின் ஐந்தாவது அவென்யூவில் சில பெண்கள் நடந்துகொண்டே சிகரெட் பற்றவைத்தார்கள். பெண் தெருவில் புகைப்பது வெட்கக்கேடு என்றிருந்த காலம். 'சுதந்திரத்தின் தீப்பந்தங்கள்' என்ற பெயரோடு செய்தி பரவியது. பின்னால் இருந்தவர் எட்வர்ட் பெர்னேஸ், மக்கள் தொடர்புத் துறையின் தந்தை என்று சொல்லப்படுபவர். அவருக்குச் சம்பளம் கொடுத்தது அமெரிக்கன் டொபேக்கோ என்ற சிகரெட் கம்பெனி. பெண்கள்மேல் சுமத்தப்பட்ட அந்த வெட்கம் நியாயமற்றது, அதை இறக்கி வைக்க வேண்டியதுதான். ஆனால் இறக்கி வைக்கக் கை கொடுத்தவன் இன்னொரு கையால் சிகரெட் பெட்டியை நீட்டினான். மீம் என்ற சொல்லை ரிச்சர்ட் டாக்கின்ஸ் உருவாக்கியது 1976-இல்தான். வேலை அதற்கு முன்பே நடந்துகொண்டிருந்தது.

அப்படியானால் இந்த நுட்பமே கெட்டதா? அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காரணம் 2021.

அந்த ஜூன் மாதம் முழு முடக்கம். மாதக் கடைசியில் முகநூலில் ஒரு வேண்டுகோள் பரவியது. வீட்டில் சாப்பாடு இல்லையா, கெஞ்ச வேண்டாம், வெட்கப்பட வேண்டாம், ஒரு வெள்ளைத் துணியைக் கட்டிவிடுங்கள், பார்க்கிறவர்கள் உதவுவார்கள். பெண்டேரா பூத்தே, வெள்ளைக் கொடி. சில நாட்களில் அடுக்குமாடி ஜன்னல்களில் துணிகள் தொங்கின. ஆட்கள் அரிசியும் முட்டையும் கொண்டுபோனார்கள். கொடி எங்கே, உணவு எங்கே என்று காட்டும் வரைபடங்களை என் வயதுப் பையன்களும் பெண்களும் எழுதித் தந்தார்கள். கொடியைத் தூக்காதே, கையைத் தூக்கி இறைவனிடம் கேள் என்று சில அரசியல்வாதிகள் அறிவுரை சொன்னதும் நடந்தது.

இங்கேயும் அதே சொல்தான், மாலு. இங்கேயும் 'வெட்கம் வேண்டாம்' என்பதுதான் செய்தி. ஆனால் இந்தத் தடவை சரியான ஆளிடம் சொல்லப்பட்டது. பசிக்கிறவன் எந்தக் குற்றமும் செய்யவில்லை. அவன் சுமப்பது செயலின் நாணம் இல்லை, வெறும் கூச்சம். அதை இறக்கிவிட்டால் சோறு வரும்.

அந்த வாரம் நானும் வெள்ளைக் கொடிக்குத் தமிழில் படம் செய்தேன். நல்ல எழுத்துரு, நாலு வரி. புலனத்தில் சுற்றிச் சுற்றி, யாரோ அத்தை வழியாக எனக்கே திரும்பி வந்தது. பெருமையாகத்தான் இருந்தது.

எங்கள் மாடியில் இரண்டு வீடு தள்ளி ஒரு பள்ளி பஸ் ஓட்டுநர். பள்ளி மூடியிருந்தது, பஸ் கீழே தூசி படிந்து நின்றது. நான் தினமும் அதைக் கடந்துதான் போனேன். அவர் ஜன்னலில் கொடி இல்லை, அதனால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஒரு நாள் சாயந்தரம் அம்மா ஒரு பையில் அரிசி, பருப்பு, மைலோ பாக்கெட் எல்லாம் போட்டு எடுத்துக்கொண்டு போனார். எனக்குத் தெரியாமல் இது மூன்றாவது தடவையாம்.

"அங்கிள் கொடி போடலையேமா?"

"பஸ்ஸு ஓடலன்னு உனக்குத் தெரியாதா? கொடியப் பாத்துத்தான் பக்கத்து வீட்டுப் பசி தெரியணுமா?"

பிறகொரு நாள், எல்லாம் சரியானபின், அவரிடமே கேட்டேன். ஏன் அங்கிள் கொடி கட்டல? அவர் சிரித்தார். "பதினெட்டு வருசமா இந்த ஃப்ளாட்டு பிள்ளைங்கள ஏத்திக்கிட்டுப் போறேன் தம்பி. கொடி கட்டுனா அதுங்க பாக்கும்ல?"

என் படம் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. அது அவரைத் தொடவில்லை, அவ்வளவுதான். யாரோ ஒருவருக்கு, எல்லாருக்கும், என்று பேசும் செய்தி அது. அவருடைய கூச்சத்துக்கு முகங்கள் இருந்தன, பள்ளிச் சீருடையும் சடையும் போட்ட முகங்கள். 'இரவச்சம்' என்று அதற்கும் குறளில் ஓர் அதிகாரம் இருக்கிறது. இல்லாதவனைக் குறை சொல்லாமல், கேட்க நேர்வதன் கொடுமையை வள்ளுவர் பேசுகிற இடம். கேட்காமலே கொடுப்பவர் இருந்தால் அந்த அச்சமே வராது. அம்மா குறள் படித்ததில்லை.

ஆக, மீமைப் படிக்க எனக்கு இப்போது ஒரு கேள்வி இருக்கிறது. எத்தனை பேர் பகிர்ந்தார்கள் என்பதற்கு முன்னால் அதைக் கேட்டுக்கொள்கிறேன். இது யாருடைய வெட்கத்தை இறக்கி வைக்கிறது, யார் தலையில் ஏற்றுகிறது? இந்தக் கேள்வியோடு என்னுடைய புத்தக அலமாரி மீமை மறுபடி பார்த்தேன். அது நன்றாக ஓடியதற்குக் காரணம், பகிர்ந்த ஒவ்வொருவரும் தான் படிக்கிறவன் என்று காட்டிக்கொள்ள முடிந்தது. வெட்கப்பட்டது யார்? வாங்கிவிட்டுப் படிக்க முடியாதவர். அவரைத்தானே நாங்கள் சந்திப்புக்குக் கூப்பிட நினைத்தோம்!

தேசியப் பள்ளியில் படித்து, வீட்டில் மட்டும் தமிழ் பேசி, கதை படிக்க ஆசை இருந்தும் எழுத்துக்கூட்டித்தான் படிக்க முடிகிற எத்தனையோ பேர் நம் வயதில் இருக்கிறார்கள். என்னோடு பல்கலைக்கழகத்தில் படித்த ஒருத்தி பல தடவை 'அடுத்த மாசம் வர்றேன்' என்று சொல்லி வரவே இல்லை. மீமைப் பார்த்துவிட்டுச் சிரிப்பு முகம் ஒன்றை அனுப்பியிருந்தாள். அதன் பொருள் அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

அந்த மீமை எடுத்துவிட்டோம். புதிதாக ஒன்று செய்தோம், அதில் நகைச்சுவையே இல்லை. மாதக் கதையின் பெயர், இடம், நேரம். கீழே ஒரு வரி: 'மெதுவாகப் படிப்பவர்கள் வரலாம், சத்தமாகச் சேர்ந்து படிப்போம்.' அதைக் குழுக்களில் தூவாமல் ஆளுக்கு இரண்டு பேருக்குத் தனியாக அனுப்பி, பிறகு போன் பண்ணிக் கேட்பது என்று முடிவு. அவளுக்கு நான் போன் பண்ணினேன்.

படம் எங்கேயும் ஓடவில்லை. அந்த மாதம் ஒன்பது பேர் வந்தோம். கதையின் முதல் பத்தியை அவள் படித்தாள். 'ஞ' வந்த இடத்தில் நின்றுவிட்டாள். காத்திருந்தோம்.