பளிங்கில் அழுகை: தஞ்சைச் சுவார்ட்ஸ் நினைவுச் சிற்பமும் மெய்ப்பாட்டு நோக்கும்

பளிங்குச் சிற்பத்தின் உணர்ச்சி வெளிப்பாட்டைப் பேசப் புகும் மேலைத் திறனாய்வு, 1506இல் உரோமில் கண்டெடுக்கப்பட்ட லாவோகூன் சிற்பத்தையே முதலில் நாடும். பாம்பின் பிடியில் முறுக்கேறிய தசையும் புடைத்த நரம்பும் அங்கே நோவைப் பேசுகின்றன. அத்துணை நோவிலும் அவன் வாய்விட்டு அலறாதது ஏன் என்ற வினாவை ஒட்டியே லெசிங் 1766இல் தம் நூலை எழுதினார். உடற்கூற்று மெய்ம்மையை உணர்ச்சியின் அளவுகோலாகக் கொண்டால், தசையையும் நரம்பையும் காட்டாத சோழர் செப்புத் திருமேனிகள் உணர்ச்சி குன்றியவை ஆகிவிடும். அவ்வளவுகோல் பளிங்குக்கேனும் முற்றப் பொருந்துமா என்பதே இக்கட்டுரையின் வினா.

தஞ்சைச் சிவகங்கைக் குளத்தை அடுத்த சுவார்ட்ஸ் தேவாலயத்தில் இரண்டாம் சரபோஜி நிறுவிய வெண்பளிங்குப் புடைப்புச் சிற்பம் உள்ளது. செய்தவர் ஜான் பிளாக்ஸ்மன். இந்தியாவுக்கு ஒருபோதும் வாராதவர். படுக்கையில் கிடக்கும் சுவார்ட்ஸின் கையைச் சரபோஜி பற்றியிருக்கிறார். உடன்பணியாளர் கெரிக்கே அருகே நிற்கிறார். பள்ளிச் சிறுவரும் உள்ளனர். முகங்களில் கதறல் இல்லை. துயரம் முழுவதும் பற்றிய கையில் தங்கியிருக்கிறது.

இதைச் சிற்பியின் இயலாமை எனல் பொருந்தாது. எலும்பும் தசையும் பற்றிய பிளாக்ஸ்மனின் வரைபடங்கள் அவர் மறைவுக்குப் பின் 1833இல் நூலாயின. புரவலரோ, கண் நோயாளிகளின் நிலையைப் படங்களுடன் பதிவு செய்வித்த மன்னர். உடலை நன்கு அறிந்த இருவருக்கிடையே உருவான கல்லில் உடற்கூறு பின்வாங்கியுள்ளது எனின், அது தேர்ந்து செய்ததேயாகும்.

அத்தேர்வை விளக்கத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் உதவுகிறது. உள்ளத்து நிகழ்வு பிறர் அறியுமாறு மெய்யில் தோன்றுவதே மெய்ப்பாடு. எவ்வளவு தசை தெரிகிறது என்பது அங்குக் கணக்கில்லை. அழுகைக்குரிய நிலைக்களன்களுள் இழவும் ஒன்று. மன்னரைக் கல்லில் வடிப்போர் பெரும்பாலும் பெருமிதத்தையே நாடுவர். இங்குச் சரபோஜி அழுகையைத் தேர்ந்தார். 1798 பிப்ரவரியில் சுவார்ட்ஸ் மறைந்தபோது அவர் இன்னும் அரியணை ஏறவில்லை. துளஜாவின் தத்துப்பிள்ளையாகிய அவர் உரிமைக்காக வாதாடிய காப்பாளரே அங்குக் கிடப்பவர். 1799 உடன்படிக்கையால் ஆட்சி கும்பினியிடம் சென்றது. எனவே அக்கை மகனின் கையுமாகும். உரிமையை நினைவூட்டும் கையுமாகும். இரண்டையும் பிரித்துக் காண முயலும் ஆய்வு சிற்பத்தைத் தவறவிடும் என்பது என் கருத்து.

மிசிசாகாவில் கூடியுள்ள நமக்கு அண்மைச் சான்றொன்றும் உண்டு. ரொறன்ரோவில் பிறந்த வால்டர் ஆல்வார்ட், பிரான்சிலுள்ள விமி நினைவகத்துக்கு வடித்த துயருறும் கனடா அன்னை (திறப்பு 1936) பளிங்கன்று, சுண்ணக்கல். ஆயினும் அங்கும் போர்த்திய ஆடையும் கவிழ்ந்த தலையுமே துயரைச் சுமக்கின்றன.

தஞ்சைச் சிற்பத்துக்குக் குறையும் உண்டு. இழவின் மெய்ப்பாடு மன்னருக்கே முழுதும் வழங்கப்பட்டுவிட்டது. சுவார்ட்ஸிடம் பயின்ற சிறுவருக்கும் அது இழப்பே. அவர்களோ காட்சியை நிரப்ப நிற்கிறார்கள். அரண்மனையில் கூப்பிய கையுடன் நிற்கும் சரபோஜியின் பளிங்குச் சிலையை இதனோடு ஒப்பிட்டு நோக்கினால், மன்னர் தம் கைகளை எவ்வாறு காட்ட விரும்பினார் என்பது மேலும் தெளிவாகும்.